ஓய்வுநாளும் பிட்ட அப்பமும்

ஆண்டுதோறும் டிசம்பர்த் திங்கள் 31-ஆம் நாள் இரவில் நம் தணிகை மலையில் நிகழும் திருப்புகழ்ப் படித் திருவிழாவை நம் வட்டத்து அன்பர்கள் நன்கு அறிவர். ஆங்கிலப் புத்தாண்டன்று வெள்ளைத் துரைமாரின் மாளிகை வாயிலிற் பழமும் மாலையுமாகக் காத்து நின்ற மக்களைத் துரைகளுக்கெல்லாம் துரையாகிய தணிகேசன்பால் திருப்பிவிட வேண்டும் என்னும் உள்ளக் கிடக்கையோடு, வள்ளிமலைச் சச்சிதானந்த சுவாமிகள் 1917-இல் தொடங்கி வைத்த விழா அது. படிக்கொரு திருப்புகழாக, ஆண்டின் நாள்களுக்கு நிகரெனக் கொள்ளப்படும் 365 படிகளையும் பாடி ஏறுவர். நள்ளிரவில் ஆண்டு மாறுகிறது. ஆனால் அதே மலையில் ஆடிக் கிருத்திகை வந்துவிட்டால் கணக்கு வேறு. பஞ்சாங்கம் ஞாயிறு தோன்றும் பொழுதிலிருந்து நாழிகை எண்ணுகிறது. கிருத்திகை மீனோ பிற்பகலில் ஒரு நாழிகையிற் பிறந்து மறுநாட் பிற்பகலில் முடியவும் கூடும். காவடி தூக்கி வருவோர் எந்தக் கணக்கைக் கொண்டு நோன்பைத் தொடங்குவது, எப்போது முடிப்பது என்று அடிவாரத்தில் வழக்காடுவதை நான் இளமையிலிருந்தே கேட்டு வருகிறேன்.

இக்கட்டுரைக்கு வித்திட்டது, எனினும், மலையன்று. நம் வட்டத்தின் ஒரு கூட்டமே. தொடக்க காலத்தில் நாம் வெள்ளிக்கிழமை மாலைகளிற் கூடி வந்தோம். அப்போது நம் அன்பர் ஒருவர், நல்ல மரபுக் கவிஞர், ஒருமுறை கூட வரவில்லை. காரணம் வினவியபோது, "எங்களுக்கு நாளை என்பது இன்று மாலையே தொடங்கிவிடுகிறது ஐயா" என்றார். சனிக்கிழமையை ஓய்வுநாளாகப் போற்றும் கிறித்தவ சபையைச் சேர்ந்தவர் அவர். கவிதை போன்றிருந்த அவ்விடையை மதித்துக் கூட்டத்தை ஞாயிறு மாலைக்கு மாற்றினோம். மாற்றியதும் ஞாயிறு ஆராதனைக்குச் செல்லும் மற்றிரு கிறித்தவ அன்பர்கள் தாமதமாக வரத் தொடங்கினர்! ஒரே திருநூலை ஓதும் இரு சாராரும் நாளைக் குறித்து இவ்வாறு வேறுபடுவானேன் என்னும் வியப்பே என்னை நூலகத்துக்கு அனுப்பியது. கிறித்தவன் அல்லேன் நான். ஆதலின் தீர்ப்புரைக்கும் உரிமை எனக்கில்லை. வரலாறு கூறுவதை மட்டும் இயன்றவரை கூறுகிறேன்.

எபிரேயர்க்கு நாள் என்பது மாலையிற் பிறப்பது. படைப்பு வரலாற்றை உரைக்கும் ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் ஒவ்வொரு நாளையும் முடிக்கும்போது மாலையை முன்னும் காலையைப் பின்னும் வைத்தே எண்ணுகிறது. லேவியராகமம் பாவநிவிர்த்தி நாளை ஒரு மாலை தொடங்கி மறு மாலை வரை நோற்கப் பணிக்கிறது. ஓய்வுநாளுக்கு முன் எருசலேம் வாயில்களில் இருள் படரத் தொடங்கியதும் கதவுகளை அடைக்குமாறு நெகேமியா கட்டளையிட்டதாக அவர் பெயரால் வழங்கும் நூல் கூறும். நற்செய்தி நூல்களிலும் இவ்வழக்கின் சுவடு உண்டு. கப்பர்நகூமில் ஓய்வுநாளில் இயேசு நோயாளி ஒருவரைக் குணப்படுத்திய செய்தி பரவியும், ஊர் மக்கள் தம் நோயாளிகளைச் சுமந்து வந்தது ஞாயிறு மறைந்த பின்னரே என்று மாற்கு குறிக்கிறார். சுமை தூக்கலாகாது என்னும் விலக்கு மாலையோடு முடிந்துவிட்டது, அதனால் வந்தனர்.

நம் தொல்காப்பியனார் முதற்பொருளாகிய பொழுதை வகுக்குமிடத்து முல்லையையும் அதற்குரிய மாலையையும் முதலில் வைத்து, பின்னரே யாமம், வைகறை என்று செல்வது நினைவுக்கு வருகிறது. இதைக் கொண்டு எபிரேயர்க்கும் தமிழர்க்கும் உறவு காட்ட முற்படுவது எனக்கு உடன்பாடன்று. அவ்வகை ஆராய்ச்சிகள் நம்மிடையே வேண்டிய அளவு உள்ளன. ஆயர் வாழ்வில் ஆநிரை வீடு திரும்பும் மாலை ஒரு தொடக்கமாகத் தோன்றுவது இயல்பு என்ற அளவில் நிற்போம்.

சனி எவ்வாறு ஞாயிறாயிற்று? இயேசு உயிர்த்தெழுந்தது வாரத்தின் முதல் நாள் என்பது நான்கு நற்செய்தியாளரும் ஒருமுகமாகக் கூறுவது. அந்நாளைப் போற்றும் வழக்கம் விரைவிலேயே தோன்றிவிட்டது. கி.பி. 112-ஐ ஒட்டிப் பித்தினியாப் பகுதியின் ஆளுநர் பிளினி, பேரரசன் திராயனுக்கு எழுதிய மடலில், கிறித்தவர்கள் குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடிப் பாடுவதையும், கலைந்து சென்று மீண்டும் கூடி எளிய உணவு உண்பதையும் விசாரித்து அறிந்ததாகக் கூறுகிறான். எந்தக் கிழமை என்று அவன் கூறவில்லை. அந்நூற்றாண்டின் நடுவில் உரோமை நகரில் எழுதிய ஜஸ்டின் ஞாயிற்றின் நாள் என்றே வெளிப்படையாகக் குறிக்கிறார். அன்று கூடி, வாசகம் கேட்டு, அப்பமும் இரசமும் பகிர்ந்து, வர இயலாதோர்க்கு வீட்டுக்குக் கொடுத்தனுப்புவர் என்பது அவர் தரும் செய்தி. அந்த ஞாயிறு ஓய்வுநாளன்று என்பதை நாம் மறந்துவிடலாகாது. உரோமைப் பேரரசில் அது பிற நாள்களைப் போன்ற வேலைநாள். கான்ஸ்டன்டைன் 321-இல் ஆணை பிறப்பித்த பின்னரே நகரங்களில் நீதிமன்றமும் தொழிற்கூடங்களும் ஞாயிறன்று ஓய்ந்தன. அவ்வாணையிலும் உழவர்க்கு விலக்கு உண்டு. நான்காம் நூற்றாண்டில் லவோதிக்கேயாவிற் கூடிய சங்கம் யூதரைப் போலச் சனிக்கிழமை ஓய்ந்திருப்பதைத் தடை செய்தது. தடை செய்தது என்றால், அதுவரையும் பலர் ஓய்ந்திருந்தனர் என்பது பொருள். சட்டங்களை வரலாற்றாசிரியன் இவ்வாறு தலைகீழாகவும் படிக்க வேண்டும்.

இனி, வழக்கின் உயிர்நாடிக்கு வருவோம். அப்போஸ்தலர் நடபடிகள் என்னும் நூலின் 20-ஆம் அதிகாரத்தில் துரோவா என்னும் துறைமுக ஊரில் நிகழ்ந்த ஓர் இரவு பேசப்படுகிறது. வாரத்தின் முதல் நாளில் அப்பம் பிட்கச் சீடர் கூடியிருந்தனர். பவுல் மறுநாட் புறப்பட இருந்தார். ஆதலின் நள்ளிரவு வரை பேச்சை நீட்டினார். மேல்வீட்டில் விளக்குகள் பல எரிந்தன. சன்னலில் அமர்ந்திருந்த ஐத்திகு என்னும் இளைஞன் உறங்கி, மூன்றாம் அடுக்கிலிருந்து கீழே விழுந்தான். இறந்தான் என்று எடுத்தவனைப் பவுல் தழுவி, உயிர் உண்டு என்றார். பின் மேலே சென்று அப்பம் பிட்டு உண்டு, விடியும் வரை பேசிப் புறப்பட்டார். நீண்ட சொற்பொழிவுகளில் உறங்கும் நம்மவர்க்கு இது ஆறுதல் தரும் கதை என்று நகையாடுவதுண்டு. ஆனால் கிழமை வழக்கில் ஈடுபட்டோர்க்கு இதில் ஒவ்வொரு சொல்லும் சான்று.

அந்த இரவு எந்த இரவு? நாள் மாலையிற் பிறக்கும் எனக் கொண்டால், வாரத்தின் முதல் நாளுக்குரிய இரவு நாம் சனி இரவு என்பதே ஆகும். அவ்வாறாயின் பவுல் ஓய்வுநாளைச் சீடரோடு கழித்துவிட்டு, அது முடிந்தபின் விடைபெறு விருந்தாக அப்பம் பிட்டார். மறுநாட் காலை, அதாவது ஞாயிறன்று, ஆசோ என்னும் ஊருக்குத் தரைவழி நெடுந்தொலைவு நடந்தார். ஞாயிற்றைத் தூய நாளாக அவர் கருதியிருப்பின் அவ்வாறு நடந்திருப்பாரா என்று வினவுவர் சனிக்கிழமையைப் போற்றுவோர். அன்று, உரோமர் கணக்குப்படி அது ஞாயிறு இரவே என்பர் மறுசாரார். யோவான் நற்செய்தி உயிர்த்தெழுந்த நாளின் மாலைப் பொழுதையும் அதே முதல் நாளின் மாலை என்றே குறிப்பதைத் துணைக்கு அழைப்பர். அவ்வாறாயின் நள்ளிரவுக்குப்பின் பிட்ட அப்பம் திங்கட்கிழமையில் விழுந்துவிடுகிறதே என்று முன்னவர் மடக்குவர். மறுநாள் என்று லூக்கா கூறுவது விடியலையே. நள்ளிரவில் நாள் மாற்றுவது நம் கடிகாரத்தின் நோய் என்பது பின்னவர் மறுமொழி. இரு சாராரும் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றனர். கிரேக்க மூலத்தில் உள்ள தொடர் சொல்லுக்குச் சொல் 'சப்பத்துகளில் ஒன்று' என்று பொருள்படுவது. வாரத்தின் முதல் நாள் என்பது அதன் மரபுவழிப் பொருள். அதனையும் விடாது பற்றி ஒரு சிறு கூட்டத்தார் வழக்குரைத்ததுண்டு, மொழியறிஞர் ஏற்கவில்லை.

எல்லையோர ஊரினராகிய நமக்கு இங்கே தனியொரு சுவை உண்டு. 1953-இல் ஆந்திரத்தோடு சேர்க்கப்பட்டு, ம.பொ.சி., மங்கலங்கிழார், கே. விநாயகம் முதலியோர் நடத்திய போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1 அன்று தமிழகத்தோடு இணைந்த மண் இது. இன்றும் ஒரே தெருவில் இருமொழி வேதாகமங்களும் ஓதப்படுகின்றன. தமிழ் வேதாகமம் அவ்விடத்தில் வாரத்தின் முதல் நாள் என்று மூலத்தை ஒட்டி நிற்கிறது. தெலுங்கு வேதாகமமோ ஆதிவாரம் என்றே மொழிபெயர்த்துவிட்டது. வழக்கின் தீர்ப்பை மொழிபெயர்ப்பாளரே எழுதிவிட்டார் எனலாம்! தமிழ்ப் பிரதியை வைத்துக்கொண்டு வழக்காடலாம். தெலுங்குப் பிரதியை விரித்தால் வழக்கு முடிந்துவிடுகிறது. அப்பம் என்று தமிழில் உள்ளது தெலுங்கில் ரொட்டெ. அப்பம் என்னும் சொல் நமக்குப் பிள்ளையார் படையலையும் ஆலய மடைப்பள்ளியையும் நினைவூட்டுவது; நெய்யின் மணம் உடையது. கோதுமை விளையாத நாட்டிற் கோதுமை உணவுக்குப் பெயர் தேடியவர்கள் கையில் தெய்வத்துக்குப் படைக்கும் பண்டத்தின் பெயர் அகப்பட்டது நற்பேறு என்றே கருதுகிறேன். ஒன்று மட்டும் இழப்பு. இயேசு கற்பித்த செபத்தில் அன்றாடம் வேண்டும் உணவுக்கும் இறுதிப் பந்தியிற் பிட்டதற்கும் கிரேக்கத்தில் ஒரே சொல். தமிழ் வேதாகமம் முன்னதை ஆகாரம் என்றும் பின்னதை அப்பம் என்றும் பிரித்துவிட்டது. அன்றாடச் சோறும் திருப்பந்தியும் ஒன்று என்ற குறிப்பு அதனால் நம் காதில் விழுவதில்லை. சொல்லை ஆளும் கவிஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம்.

இவ்வழக்கு ஐரோப்பியருக்குள் மட்டும் நிகழ்ந்தது என்று எண்ணுவோர் தென்கோடித் திருநெல்வேலிச் சீமைக்கு வர வேண்டும். நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில், 1857-இல், மிஷனரிமாரிடமிருந்து பிரிந்து தமிழர் ஒருவர் தனிச் சபை கண்டார். அருமைநாயகம் அவர் இயற்பெயர்; சட்டாம்பிள்ளை என்பது நிலைத்த பெயர். 1823-இற் பிறந்தவர். உபதேசியாராகப் பணியாற்றி, வெள்ளை மிஷனரியோடு முரண்பட்டுப் பணியிழந்தவர். எபிரேயமும் கிரேக்கமும் பயின்றவர். அவர் உள்ளத்தைப் புண்படுத்தியது இராபர்ட் கால்டுவெல் 1849-இல் வெளியிட்ட, திருநெல்வேலிச் சாணார் பற்றிய ஆங்கில நூல். பனையேறும் அச்சமூகத்தாரைப் பண்பாடற்றோர் போலச் சித்திரித்த நூல் அது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் நமக்களித்த அதே கை, ஏழாண்டுகளுக்கு முன் இதனையும் எழுதிற்று. கால்டுவெலுக்கு மாலையிடும் நம் மேடைகளில் இச்செய்தி ஒலிப்பதில்லை. ஒலிக்க வேண்டும். அவரே பின்னாளில் அந்நூலை வழக்கினின்று விலக்கிக்கொண்டார் என்பதையும் உடன் கூறுவது அறம்.

சட்டாம்பிள்ளை வெறுங்கிளர்ச்சியாளராக நின்றுவிடவில்லை; படிக்கத் தொடங்கினார். பழைய ஏற்பாட்டில் அவர் கண்டது ஐரோப்பாவை அன்று. நீராடித் தூய்மையுற்று வழிபடுதல், தரையில் விழுந்து வணங்குதல், நறும்புகை இடுதல், முதற்பலனைப் படைத்தல், தீட்டு விலக்குதல், பிறைநாள் போற்றுதல் ஆகிய இவையெல்லாம் தம் அண்டை வீட்டாரின் வழக்கங்களாக இருந்தன. மிஷனரிமார் அஞ்ஞானம் என்று கடிந்தவற்றை மோசே கட்டளையிட்டிருக்கக் கண்டார். ஆதலின் வேதத்துக்கும் தமிழனுக்கும் நடுவே வெள்ளையன் எதற்கு என்று வினவினார். ஏக இரட்சகர் சபை என்று வழங்கிய அவர் சபையில் ஞாயிறு இல்லை; சனிக்கிழமையே ஓய்வுநாள். ஞாயிறு வேதத்தின் கட்டளையன்று, ஐரோப்பியர் மரபு என்பது அவர் முடிபு. திருப்பந்தியிலும் அவ்வாறே. புளிக்கவைத்த திராட்சை மதுவைத் தள்ளி, புளியாத திராட்சைச் சாற்றையே பகிர்ந்தனர். மதுவை இழிவென எண்ணும் சமூகத்தில், அதுவும் கள்ளிறக்குவோர் என்ற வசையைச் சுமந்து நின்ற சமூகத்தில், கோயிலுக்குள் மதுக்கிண்ணம் நீட்டுவது எத்தகைய நெருடலாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், அவர் வாசித்த வாசிப்பின் வேகம் விளங்கும்.

இவரைப் புகழ்வதில் ஓர் எச்சரிக்கை வேண்டும். அவர் எழுப்பிய சபையில் சுயமரியாதையும் சாதிப் பெருமையும் பிரிக்கவொண்ணாது பின்னிக் கிடந்தன. தம் இனத்தாரின் உயர்வை நிலைநாட்டுவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. சென்னையில் 1886-இல் மருத்துவர் பழனி ஆண்டி தொடங்கிய தேசியத் திருச்சபை எல்லாப் பிரிவினரையும் ஒரு குடைக்கீழ்க் கொணர விரும்பியது. பிரகாசபுரத்துச் சபை அத்தகைய பரப்பை நாடவில்லை. எனினும் முப்பதாண்டு முன்னரே, எவர் துணையுமின்றி, மூலமொழியைத் தாமே படித்து, ஆளும் இனத்தாரின் கிழமையை மறுத்த ஒரு நாட்டுப்புற உபதேசியாரின் துணிவு சிறிதன்று. வள்ளிமலைச் சுவாமிகள் வெள்ளையனின் புத்தாண்டை எடுத்து முருகனுக்குச் சூட்டினார். சட்டாம்பிள்ளை வெள்ளையனின் ஞாயிற்றையே ஏற்க மறுத்தார். முன்னவர் படித் திருவிழாவைத் தொடங்கிய மறு ஆண்டு, 1918-இல், பின்னவர் மறைந்தார்.

இதற்கிடையில் எதிர்பாராத விருந்தினர் வந்தனர். அமெரிக்காவில் ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு சபையார் சனிக்கிழமையைப் போற்றி வந்தனர். அவர்களுக்குள்ளும் தொடக்கத்தில் நாள் எப்போது பிறக்கிறது என்பதில் தெளிவில்லை. ஜோசப் பேட்ஸ் என்னும் முன்னாட் கப்பற்றலைவர், நிலநடுக்கோட்டில் ஞாயிறு மறையும் மாலை 6 மணியை உலகெங்கும் எல்லையாகக் கொள்ள வேண்டும் என்றார். கடலோடியின் கணக்கு! 1855-இல் ஜே. என். ஆண்ட்ரூஸ் வேத வசனங்களை ஆராய்ந்து, ஞாயிறு மறைவே எல்லை என்று காட்ட, சபை அதனை ஏற்றது. அச்சபையினர் அந்நாளில் மிகுந்திருந்த மிச்சிகன் நாட்டில் கோடை மாலைக்கும் குளிர்கால மாலைக்கும் இடையே ஏறத்தாழ மூன்று மணி நேர வேறுபாடு உண்டு. ஆகவே அங்கு அது உயிருள்ள வழக்கு. திருநெல்வேலிச் சீமையிலோ ஓராண்டு முழுதும் ஞாயிறு மறையும் நேரம் ஒரு மணிக்கும் குறைவாகவே மாறுகிறது. பேட்ஸ் பிரகாசபுரத்திற் பிறந்திருந்தால் ஆண்ட்ரூசுக்கு வேலையே இருந்திராது.

கடல்கடந்த நாட்டில் தம்மைப் போன்றே சனிக்கிழமையைப் போற்றுவோர் உளர் என்ற செய்தி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரு தரப்பாரையும் எட்டியது. 1908-ஐ ஒட்டி ஜே. எஸ். ஜேம்ஸ் என்னும் அட்வென்டிஸ்டு ஊழியர் அப்பகுதியிற் குடியேறிப் பள்ளி தொடங்கினார். பிரகாசபுரத்து ஜேம்ஸ் நினைவு மேனிலைப் பள்ளி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பழைய சபையாருட் சிலர் அவரோடு இணைந்தனர். ஏனையோர் தம் பழைய வழியிலேயே நின்றனர். நாள் ஒன்றாயினும் நறும்புகையும் பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகளும் வந்தவர்க்கு உடன்பாடல்ல.

கத்தோலிக்கரையும் சிரியன் கிறித்தவரையும் இங்கு ஒருவாறு குறித்துச் செல்வோம். சிரியன் மரபில் வழிபாட்டு நாள் இன்றும் மாலை மன்றாட்டோடு தொடங்குகிறது. கத்தோலிக்கர் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தை ஒட்டிய ஆண்டுகளிலிருந்து சனி மாலைப் பூசையை ஞாயிற்றுக் கடமைக்கு ஈடாகக் கொள்கின்றனர். ஆதியாகமத்தின் மாலை இவ்வாறு பின்கதவால் மீண்டு வந்தது. நற்கருணைக்கு முன் நள்ளிரவு முதல் நீரும் அருந்தாதிருந்த பழைய நோன்பு 1953-இலும் 1957-இலும் தளர்ந்து, 1964-இல் ஒரு மணி நேரமாகச் சுருங்கியதால்தான் மாலைப் பூசை எளிதாயிற்று என்பதும் அறியத்தக்கது.

நாளைப் பற்றிய வழக்கு இத்தகையது. அப்பத்தைப் பற்றிய வழக்கோ தமிழ்நாட்டிற் கசப்பு மிகுந்தது. அதனைச் சொல்லாது விடுவது நம் வட்டத்துக்கு அழகன்று, ஏனெனில் அதன் நடுவில் ஒரு கவிஞர் நிற்கிறார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரை, 1774-இற் பிறந்து 1864-இல் மறைந்த, பெத்லகேம் குறவஞ்சி பாடிய அப்பெரும்புலவரை அறியாதார் நம்முள் யார்? குறவஞ்சி என்னும் நம் சிற்றிலக்கியத்துக்குள் இறையியலும் வானியலும் கொணர்ந்து வைத்தவர். சரபோசி மன்னரால் மதிக்கப்பெற்றவர். புதிதாக வந்த மிஷனரிமார் மீது அவர் 1829-இல் எழுதிய முறையீட்டில் நான்கு குறைகள் அடங்கியிருந்தன. பழகிய தமிழ் வேத மொழிபெயர்ப்பை மாற்றுகின்றனர். மலர் சூடுவதையும் விழாக்களையும் தடுக்கின்றனர். கோயிலில் தமிழிசையை நிறுத்துகின்றனர். பல சாதியாரையும் திருப்பந்தியில் வலிந்து ஒன்று சேர்க்கின்றனர். முதல் மூன்றையும் வாசிக்கும்போது நம் நெஞ்சு அவரோடு நிற்கிறது. நான்காவதில் எழுந்து விலகிவிடுகிறது.

பழைய லுத்தர மரபில் சாதி முறைப்படி தனியே அமர்வதும், முன்னும் பின்னுமாகப் பந்திக்கு வருவதும் நெடுங்காலம் பொறுத்துக்கொள்ளப்பட்டன. ஒரே அப்பம், ஆனால் வரிசையில் ஒருவன் முந்தி, ஒருவன் பிந்தி. கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் சுற்றறிக்கை விடுத்து இதனை அறவே நீக்கப் பணித்தபோது தஞ்சையிலும் வேப்பேரியிலும் எழுந்த கொந்தளிப்பு வரலாறு அறிந்தது. மதுரையில் அமெரிக்க மிஷன் 1847-இல் தன் ஊழியர் அனைவரும் ஒருங்கிருந்து அன்பின் விருந்து உண்ண வேண்டும் எனப் பணித்தது. மறுத்த உபதேசியார் பலர் வேலையிழந்தனர். வேதத்துக்குப் பொருள் கூறுவது நாவால் மட்டுமன்று, கைகவளத்தாலும் என்பதை அன்று இரு தரப்பாரும் உணர்ந்திருந்தனர். தென்கோடி வடக்கன்குளத்தில் கத்தோலிக்கக் கோயிலே இரு கால்களாக விரித்துக் கட்டப்பட்டு, இரு சாராரும் ஒருவரை ஒருவர் காணாது ஒரே பீடத்தை நோக்கி அமருமாறு சுவர் எழுந்தது. 1910-இல் கௌசானல் அடிகளார் அச்சுவரை இடித்தார், வழக்கு நீதிமன்றம் ஏறிற்று, சுவர் மீளவில்லை.

சாஸ்திரியாரின் நான்காம் குறைக்கு மன்னிப்புத் தேடுவோர், பண்பாட்டை அழிக்க வந்த அந்நியர்க்கு எதிரான குரல் அது என்பர். மிஷனரிமாரின் இறுமாப்பு உண்மை, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பிந்தி வந்து உண்ணுமாறு நிறுத்தப்பட்டவனிடம் அவர்கள் எவரும் கேட்கவில்லை. அவனுக்குத் தமிழிசை வேண்டாம் என்றும், மலர் வேண்டாம் என்றும் யார் சொன்னது? நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டியதே பிழை என்பது என் துணிபு. மூட்டையை அவிழ்த்து, மூன்றை வைத்துக்கொண்டு ஒன்றை எறியும் அறிவு ஒரு புலவர்க்கு இருந்திருக்கலாம்.

கொரிந்தியர்க்குப் பவுல் எழுதிய முதல் மடலின் 11-ஆம் அதிகாரத்தில் இவ்விரு வழக்குகளும் ஒன்றாகக் கலந்து நிற்பதை நான் பிந்தியே கண்டேன். அந்நகரத்துச் சபையார் அப்பம் பகிரக் கூடும்போது சிலர் முன்னதாக வந்து வயிறார உண்டு குடித்தனர், சிலர் பசியோடிருந்தனர். பவுல் கடிந்து, ஒருவருக்காக ஒருவர் காத்திருக்குமாறு சொல்கிறார். பிந்தி வந்தவர் யார்? அடிமையும் கூலியாளுமாகவே இருத்தல் வேண்டும் என்று உரையாசிரியர் பலர் கருதுவர். நேரம் அவர்களுடையதன்று, எசமானனின் வேலை முடிந்தபின்னரே அவர்கள் கால் அசையும். செல்வர்க்குப் பொழுது உண்டு; ஏழைக்குப் பொழுது சாய வேண்டும். நாள் எப்போது தொடங்குகிறது என்னும் வினாவுக்குள் யாருடைய நாள் என்னும் வினா ஒளிந்திருந்தது.

அவ்வாறு நோக்கினால் துரோவாவின் இரவும் வேறு விதமாகத் தெரிகிறது. ஞாயிறு வேலைநாளாயிருந்த நாட்டில் விடியலுக்கு முன்போ இருட்டிய பின்போதான் உழைப்போர் கூட முடியும். பிளினி கேட்டறிந்த வைகறைக் கூட்டமும் அதனாலேயே. ஐத்திகு என்னும் பெயர் நற்பேறுடையவன் எனப் பொருள்படும். அடிமைகளுக்கு மிகுதியாக வைக்கப்பட்ட பெயர்களுள் ஒன்று. அவன் அடிமை என்று லூக்கா கூறவில்லை. ஆனால் நாள் முழுதும் உழைத்துக் களைத்த இளைஞன் ஒருவன், விளக்குப் புகை நிறைந்த அறையில் காற்றுக்காகச் சன்னலோரம் அமர்ந்து, நள்ளிரவில் கண்ணயர்ந்தான் என்று கொள்வதில் தடை ஒன்றுமில்லை. சொற்பொழிவு சலித்ததால் உறங்கினான் என்று நகையாடும் நாம், பொதட்டூர்ப்பேட்டைத் தறிக்கூடத்தில் நாள் முழுதும் நின்றுவிட்டு நம் கவியரங்குக்கு வந்து பின்வரிசையிற் கண்மூடும் அன்பர் ஒருவரை நகையாடுவோமா? சென்ற ஆண்டு நகையாடினோம். நானும் நகைத்தேன்.

நம் மலையில் 2021 முதல் நாள் முழுதும் அன்னதானம் நடைபெறுகிறது. அங்கே முந்தி, பிந்தி என்பதில்லை. எவ்வேளையில் படியேறி வந்தாலும் இலை உண்டு. சனிக்கிழமை அன்பரை ஒருநாள் அங்கு அழைத்தேன். படையல் உணவு தமக்கு ஆகாது என்று மென்மையாக மறுத்து, அதற்கும் கொரிந்தியர் மடலிலேயே ஓர் அதிகாரம் உண்டு என்றார். எட்டாம் அதிகாரம் என நினைவு. அதிலும் இரு சாரார் உண்டாம். அதனை அவரே எழுதித் தருவதாக ஒப்பியிருக்கிறார். வெள்ளி மாலைக்குள் முடித்துத் தருவதாகச் சொன்னார். வெள்ளி மாலை எனில் ஞாயிறு மறையுமுன் என்று அழுத்திச் சொன்னார்.